எதிரே உட்காராத கட்சிக்காரர்

புதுச்சேரியின் வில்லியனூரில் வக்கீல் பலகை மாட்டி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பாகப்பிரிவினை, ஜாமீன், வாடகைத் தகராறு எல்லாம் பார்த்திருக்கிறேன். மனதுக்கு நெருக்கமான வேலை எது என்று கேட்டால், ஊர்ச் சங்கங்களுக்கும் தர்ம டிரஸ்டுகளுக்கும் எழுதிக் கொடுத்த பத்திரங்கள்தான் என்பேன். இரவுப் பாடசாலை, அன்னதானக் குழு, ஏரிச் சங்கம், முதியோர் இல்லம் என்று வருவார்கள். பணம் குறைவு, பொறுப்பு அதிகம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புதிதாக வக்கீல் கோட்டு போட்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த வேலையைத் தொட வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்காக எழுதுகிறேன்.

1. உங்கள் கட்சிக்காரர் யார் என்று முதல் நாளே தெளிவாகிக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் வருவார்கள். தலைவர் பேசுவார், செயலாளர் தலையாட்டுவார், பொருளாளர் பையிலிருந்து ஃபீஸை எடுத்து வைப்பார். அந்த நால்வரில் ஒருவரும் உங்கள் கட்சிக்காரர் இல்லை. சங்கம்தான் கட்சிக்காரர். நிலத்தை எழுதி வைத்துவிட்டு இறந்துபோன பெரியவர் உங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காரமாட்டார். அந்த நிலத்துப் பள்ளியில் பத்து வருஷம் கழித்துச் சேரப்போகும் பிள்ளையும் வராது. அவர்களுக்காக அந்த அறையில் வாய் திறக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

நான் இதை வாய்விட்டே சொல்லிவிடுவது வழக்கம். “ஐயா, நான் சங்கத்துக்கு வக்கீல். நாளைக்கு உங்களுக்கும் பொருளாளருக்கும் மனஸ்தாபம் வந்தால், ரெண்டு பேரில் யாருக்காகவும் கோர்ட்டில் நிற்கமாட்டேன்.” இதைக் கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. தங்கியவர்களோடு இன்றுவரை உறவு நன்றாக இருக்கிறது.

2. பாகூர்ச் செப்பேட்டைப் படியுங்கள்.

சட்டப் புத்தகத்துக்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்கிறேன். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெட்டப்பட்ட சாசனம் அது. பாகூரில் இயங்கிவந்த வித்யாஸ்தானத்துக்கு, இன்றைய பேச்சில் ஒரு கல்லூரிக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்தார்கள். நிலைதாங்கி என்ற தலைவன் விண்ணப்பித்தான், மன்னன் கொடுத்தான். நாட்டார் எல்லையை நடந்து பார்த்தார்கள், கல்லும் கள்ளியும் நட்டார்கள், அதன் பிறகு எழுதினார்கள்.

நம்முடைய வேலை முழுவதும் அதில் இருக்கிறது. யார் கேட்டது, யார் கொடுத்தது, யாருக்கு, எதற்கு, எதுவரை, எந்த வரியிலிருந்து விலக்கு. இந்த ஆறுக்கும் பதில் இல்லாத டிரஸ்ட் பத்திரங்களை இன்றைக்கும் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சாசனம் வடமொழியில் தொடங்கினாலும், எல்லையும் வரி விவரமும் தமிழில் வருகின்றன. வயலில் நிற்பவருக்குப் புரிய வேண்டிய பகுதி அவருடைய மொழியில் இருந்தது. நாமோ இருபது பக்கம் பைலாவை ஆங்கிலத்தில் அடித்து, உறுப்பினர்களிடம் “இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்கிறோம். தமிழில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவர்கள் முன்னால் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது யாராவது ஒரு பாட்டி “அப்படின்னா என்ன?” என்று கேட்டால், அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி எழுதுங்கள்.

3. எல்லைக்கோட்டை மறக்காதீர்கள்.

பாகூரிலிருந்து சைக்கிளை மிதித்தால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். வில்லியனூருக்கு மேற்கே போனால் விழுப்புரம். ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, பெண் கொடுத்து எடுக்கும் உறவு. ஆனால் சட்டம் வேறு. அங்கே சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். நமக்கு 1860ஆம் ஆண்டின் பழைய மத்தியச் சட்டம். கடலூரில் அச்சடித்த மாதிரி பைலாவில் பெயரை மட்டும் மாற்றி, 1975 சட்டத்தின் பிரிவு எண்களோடு நம் ஊர்ச் சங்கத்தைப் பதிய வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு ஆகிவிட்டால்கூட, சண்டை வரும் நாளில் அந்தப் பைலா கைகொடுக்காது.

சங்கமா, டிரஸ்டா என்று கேட்பார்கள். ஒரு குடும்பம் தன் சொத்தைப் பிரித்து ஒரு காரியத்துக்கென்று வைக்கிறது என்றால் டிரஸ்ட். ஊரே சேர்ந்து நடத்த வேண்டியது என்றால் ஏழு பேருக்குக் குறையாமல் சேர்த்துச் சங்கம். ‘டிரஸ்ட் போட்டால் கணக்குக் கேட்க ஆளில்லை’ என்ற எண்ணத்தோடு வருபவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது, பொது தர்மத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்பதையும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இளையவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

4. உறுப்பினர் யார் என்ற வரியில் நேரம் செலவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் புதுச்சேரியில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 84 ஏரிகளுக்கு ஊர்தோறும் சங்கம் அமைக்கும் வேலை நடந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இங்கே ஏரிப் பாசனத்துக்கு விவசாயச் சங்கங்கள் இருந்ததால் மக்களுக்குச் சங்கம் என்ற சொல் புதிதில்லை. புதிதாக இருந்தது ஒரு கேள்வி: ஏரி யாருடையது? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு மட்டுமா? மாடு குளிப்பாட்டுகிறவருக்கு? மீன் பிடிக்கிறவருக்கு? கரையோரக் காலனியில் துணி துவைக்கிற பெண்ணுக்கு?

“ஊரில் நிலம் உள்ள குடும்பத் தலைவர்கள் உறுப்பினர் ஆகலாம்” என்று ஒரே வரியில் எழுதினால், பாதி ஊரை வெளியே தள்ளிவிடுகிறீர்கள். யார் வெளியே போனார்கள் என்று பார்த்தால் பெண்களும் காலனிக்காரர்களும்தான் இருப்பார்கள். எழுதச் சொன்னவர்கள் அதை வேண்டுமென்று செய்தார்களா, பழக்கத்தில் செய்தார்களா என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டுவிடுங்கள். வக்கீல் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

5. நோக்கத்தைக் குறுக்கி எழுதுங்கள்.

கல்வி, மருத்துவம், கோயில் திருப்பணி, மரம் நடுதல், விளையாட்டு ‘மற்றும் பல’ என்று அடுக்காதீர்கள். கல்வி நிறுவனம் என்று வரிவிலக்குக் கேட்டால் கல்வி ஒன்றே நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் விரிக்க வேண்டுமானால் 1860 சட்டத்திலேயே வழி இருக்கிறது: ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் ஒப்புதல், ஒரு மாத இடைவெளியில் இரண்டு கூட்டம்.

6. நிலம் யார் பேரில் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

என் அனுபவத்தில் ஊர்ச் சங்கங்கள் அழிந்தது பணத் திருட்டால் அல்ல, நிலத்தால். ஒரு விவசாயி நூலகத்துக்கென்று மூன்று குழி மனையை வாயால் கொடுத்தார். ஊரார் கட்டடம் கட்டினார்கள். பத்திரம் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, “அவர் வாக்கே பத்திரம்” என்றார்கள். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். கடைசி மூச்சுவரை அவர் சொல் மாறவில்லை. அவர் போன பிறகு பிள்ளைகளின் பாகப்பிரிவினை வழக்கில் அந்த மனையும் அட்டவணையில் வந்தது. பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது. அன்றைக்கு விடாப்பிடியாக நின்று அவரை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பதிவு கட்டாயம். வில்லியனூரிலும் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, பாகூரிலும் இருக்கிறது. ஒரு காலைப்பொழுது வேலை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்கு உதவி குவிந்த மாதங்களில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. மீனவர் பஞ்சாயத்துக்கு ஊருக்குள் இருக்கும் செல்வாக்கு பெரிது. அதன் சொல்லைத் தட்ட ஆள் கிடையாது. ஆனால் கிரயப் பத்திரத்தில் ‘வாங்குபவர்’ என்ற இடத்தில் எழுத, சட்டம் ஏற்கும் ஒரு பெயர் வேண்டும். பதிவு செய்யாத பஞ்சாயத்துக்கு அந்தப் பெயர் இல்லை. அவசரத்தில் தனி மனிதர் பேரில் வாங்கினால், அவர் நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய வாரிசுகளோடு ஊர் வழக்காட வேண்டிவரும். நிவாரணம் வந்து இறங்கும் வேளையில் வக்கீல் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி முதலில் சங்கத்தைப் பதிவதுதான்.

பழைய சொத்து என்றால் இன்னொரு வேலை சேரும். பிரெஞ்சு ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1க்கு முந்தைய பத்திரங்கள் பல நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) முன்னால் பிரெஞ்சில் எழுதியவை. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து வேலை செய்யாதீர்கள். பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து மூலத்தை வரி வரியாகக் கேளுங்கள். கொடுத்தது கோயிலுக்கா, கோயிலில் ஒரு குறிப்பிட்ட கட்டளைக்கா என்ற வித்தியாசம் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கும்.

7. பிரான்சிலிருந்து வரும் பணம்.

வேறு ஊர் வக்கீலுக்கு இது ஓர் ஓரத்துச் சட்டம். நமக்கு அன்றாடம். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் வாங்கும் தாத்தா பக்கத்து வீட்டில் இருப்பார். பாரீஸில் இருக்கும் பேத்தி ஊர்த் திருவிழாவுக்கு வருவாள், பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பாள். அந்த அன்பு உண்மையானது.

ஆனால் 2010ஆம் ஆண்டின் அந்நிய நன்கொடைச் சட்டம் ஆளின் குடியுரிமையைப் பார்க்கிறது. பணம் யூரோவா ரூபாயா, கொடுப்பவர் பாரீஸில் இருக்கிறாரா வில்லியனூரில் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. பிரெஞ்சுக் குடிமகனான தாத்தா தெருமுனை வங்கியிலிருந்து ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது அந்நிய நன்கொடை. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படியே. இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயில் வேலை பார்க்கும் பையன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நிய நன்கொடை அல்ல. இதை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். “நம்ம தாத்தா அந்நியரா?” என்று கோபப்படுவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். அது உறவைப் பற்றிய சொல் இல்லை, பாஸ்போர்ட்டைப் பற்றிய சொல்.

2020 திருத்தத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கிய சங்கம் இன்னொரு சங்கத்துக்கு அதைக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதிதாகப் பதிவு கேட்டால், மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். நம் கிராமத்துச் சங்கத்துக்கு அது எட்டாத உயரம். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு, குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வாங்க முன் அனுமதி கேட்கும் வழி ஒன்று உண்டு. அதை முயலலாம். கைமாற்றத் தடை பெரிய அமைப்புகளின் நிழலில் வாழ்ந்த சிறிய சங்கங்களை நசுக்கிவிட்டது என்பது என் கருத்து. 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. கருத்து கருத்தாக இருக்கட்டும், கட்சிக்காரருக்குச் சொல்லும் ஆலோசனை சட்டப்படி இருக்கட்டும்.

“பேத்தி அண்ணன் பேரில் அனுப்பட்டும், அண்ணன் சங்கத்துக்குக் கொடுக்கட்டும்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த வழியை நீங்கள் காட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள சட்டம் இது. சிறைக்குப் போவது யோசனை சொன்னவர் இல்லை, ரசீதில் கையெழுத்துப் போட்ட பொருளாளர். பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாராக இருப்பார்.

8. வரிச் சட்டம் ஆடிட்டருடையது என்று கையை விரிக்காதீர்கள்.

வருமானத்தில் 85 சதவீதம் அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும், மீதம் வைக்க வேண்டுமானால் முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. நிர்வாகிகளின் உறவுக்காரருக்குச் சங்கச் சொத்தைச் சலுகையில் கொடுத்தால் அந்த அளவுக்கு விலக்கு போய்விடும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் வந்துவிட்டது. ஊரில் இன்னும் ‘12ஏ’, ‘80ஜி’ என்றுதான் பேசுவார்கள். பிரிவு எண்கள் மாறிவிட்டன, பழைய ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. நல்ல ஆடிட்டர் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள்.

9. நிர்வாகக் குழுவில் உட்காராதீர்கள்.

“வக்கீல் ஐயா நம்ம சங்கத்துத் துணைத்தலைவரா இருக்கட்டும்” என்று அன்போடு கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் வக்கீல் அந்தச் சங்கத்துக்காகவோ எதிராகவோ கோர்ட்டில் நிற்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. சாதாரண உறுப்பினராக இருக்கலாம், சந்தா கட்டலாம், பந்தியில் பரிமாறலாம்.

10. மினிட்ஸ் புத்தகம்.

பக்க எண் போட்ட, தைத்த நோட்டு. வந்தவர்கள் கையெழுத்து, தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர் பெயர். எதிர்த்தவர் பெயரை எழுதத் தயங்குவார்கள். எழுதவையுங்கள். ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுத்த ரசீதை அதே நோட்டில் ஒட்டுங்கள்.

11. 92ஆம் பிரிவை எடுக்கும் முன் மூன்று தடவை யோசியுங்கள்.

பொது தர்மத்தில் முறைகேடு என்றால், அதில் அக்கறை உள்ள இருவர் கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குப் போடச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வழி விடுகிறது. அறங்காவலரை நீக்கலாம், திட்டம் வகுக்கலாம். அதனாலேயே கோபத்தோடு வருகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அனுமதிக்கு முன் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுப்பது நல்லது என்று நாராயண செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் புதுச்சேரியிலேயே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரம டிரஸ்டின் அறங்காவலர்களை நீக்கக் கோரி, ஒரு வாழ்க்கை வரலாற்று நூலின் பேரில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கொடுத்த அனுமதியே 2016இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு விஷயத்தில் அறங்காவலர் எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பது நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடாது. ஆசிரியர் சம்பளத்துக்கான பணம் அறங்காவலர் வீட்டு மாடிக்குப் போனது என்று கணக்குப் புத்தகம் சொன்னால், அது வேறு. அப்போது தயங்காதீர்கள்.

கோர்ட்டால் காப்பாற்றப்பட்ட தர்மத்துக்கும் சாட்சி இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவிட்டு இறந்தார். சொத்து பல ஆண்டுகள் வழக்கிலும் பிறர் கையிலும் சிதறிக் கிடந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் பின்தொடர்ந்து, மீட்ட பணத்தைக் கல்விக்குத் திருப்பினார். 1842இல் பள்ளி திறந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே நாற்பத்தெட்டு வருஷம். அந்த உயிலைக் கேட்டு வந்து நிற்க நார்ட்டனுக்கு எதிரே யாரும் இல்லை, கட்சிக்காரர் செத்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. நம் தொழிலில் நான் மதிக்கும் வேலை அது.

12. சங்கத்தை மூடத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடங்க எல்லோரும் வருவார்கள். மூட யாரும் வருவதில்லை. நோட்டும் ரப்பர் ஸ்டாம்பும் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும், வங்கிக் கணக்கு செத்துப்போகும், கடைசியில் அந்தப் பெயரை வைத்து வேறு யாராவது நன்கொடை வசூலிப்பார்கள். பைலா எழுதும் நாளிலேயே கலைப்பு விதியையும் எழுதுங்கள். 1860 சட்டப்படி கலைக்க ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் வேண்டும். கடன் போக மிஞ்சியதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, வேறொரு சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பாகூர் பக்கம் ஓர் இரவுப் பாடசாலைச் சங்கத்தை அப்படி மூடிக் கொடுத்தேன். பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குப் படிக்கப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பாடசாலைக்கு வர ஆளில்லை. மிஞ்சிய உறுப்பினர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். வங்கியில் கொஞ்சம் பணம், பதினொரு பெஞ்சு, இரண்டு அலமாரி, ஒரு சுவர்க்கடிகாரம். “நாங்கதானே கட்டினோம், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் பேராசை இல்லை, அவருக்கு அந்த மாதம் மருந்துச் செலவு இருந்தது. முடியாது என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, சொன்னேன். அவருடைய மருந்துக்கு வேறு ஏற்பாடு செய்தோம். பக்கத்து ஊரில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சங்கத்தின் பெயரில் தீர்மானம் எழுதினார்கள். மாட்டுவண்டி கேட்டதில் டிராக்டர் கிடைத்தது. பெஞ்சுகளை ஏற்றியபோது ஒரு பெரியவர் அடியில் சுண்ணாம்பால் எழுதியிருந்த வரிசை எண்களை ஒவ்வொன்றாகக் கைவிரலால் தடவிப் பார்த்து, “பதினொன்றும் சரி” என்றார். செயலாளர் அதை மினிட்ஸில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மீதிப் பக்கங்களில் குறுக்குக் கோடு போட்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். என் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. வரும்போது எடுத்துப் படியுங்கள்.